உரிமம் இல்லாமல் ஈயம் எடுத்த கீரை

காமயகவுண்டன்பட்டி ஜெயமேரியின் வயலில் தண்டுக்கீரை மஞ்சளடித்துப் போனது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கருகி, விரல் நீளம்கூட ஓடவில்லை. வாய்க்கால் மேட்டில் தங்கபாண்டி பழைய பேட்டரி உடைக்கும் கொட்டகை போட்டதிலிருந்து இதே கூத்துதான். பெத்த பிள்ளைக்குக் கொடுக்காததை ஊரான் பிள்ளைக்குக் கட்டுக் கட்டி விற்க அவளுக்கு மனசு வரவில்லை. கொட்டகையை மூடவைக்க வேண்டுமென்று மண்ணையும் கீரையையும் ஆய்வுக்குக் கொடுத்தாள். இரண்டிலும் ஈயம் என்று அறிக்கை வந்தது.

வேளாண் அதிகாரி ராஜபாண்டி அதை மூன்று தடவை படித்தார்.

"ஏம்மா, பூச்சின்னா மருந்து எழுதலாம். சத்துக்குறைன்னா உரம் எழுதலாம். ஈயம் கனிமமாச்சே! நம்ம டிபார்ட்மெண்டுல வராது."

"செடி சாகுது சார்!"

"செத்தபெறகு வாங்க. இப்ப உசுரோடதான இருக்கு?"

கோப்பு கனிமவளத்துக்குப் போனது. அங்கே கர்ணன் என்று ஓர் அதிகாரி, சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். பூமிக்கடியில் இருக்கும் கனிமம் அரசாங்கச் சொத்து. அதை மேலே கொண்டுவந்தது யார்? கீரை! மறுவாரமே நோட்டீஸ் வந்தது: 'மேற்படி கீரையானது உரிய உரிமம் பெறாமல், வேர் எனும் கருவியைக் கொண்டு ஈயம் எடுத்துள்ளமை தெரியவருகிறது.'

ஜெயமேரி அலறியடித்துக்கொண்டு கர்ணனிடம் ஓடினாள்.

"சார், ஈயத்தை மண்ணுல விட்டது தங்கபாண்டி!"

"அவரு உள்ள போட்டாரு. ஒங்க கீரை வெளிய எடுத்துருக்கு. எடுக்கறதுதாம்மா குத்தம்."

"அந்த வேரே கருகிப்போச்சே சார்."

"சரி, கருவி சேதம்னு எழுதிக்கிறேன்."

கீரை மொத்தத்தையும் அறுத்து, கட்டுக்குக் கட்டு சீல் வைத்து, ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். எப்படியோ விஷம் ஊரைவிட்டுத் தொலைந்ததே என்று ஜெயமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். பறிமுதலான கனிமத்தை ஏலம் விட வேண்டும் என்பது விதி. வாடக்கூடிய கனிமம் என்பதால் அன்றைக்கே விட்டார்கள்.

மறுநாள் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட தேனிக்குப் போனவளுக்கு மத்தியானம் பசி காதை அடைத்தது. ஆபீசுக்கு எதிரே இருந்த மெஸ்ஸில் உட்கார்ந்தாள். கீரை மசியல் அருமையாக இருந்தது, இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினாள்.

"அண்ணே, கீரை எங்கன வாங்குனீக?"

"நேத்து ஏலத்துல எடுத்தது தாயி. கட்டுக்குக் கட்டு கவர்மெண்டு சீலு! நம்பிச் சாப்புடலாம்."

ஜெயமேரி வாயில் வைத்த கவளத்தை இலையிலேயே துப்பினாள். எதிர்ப் பந்தியில் ராஜபாண்டிக்கும் கர்ணனுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த தங்கபாண்டி, தன் பிள்ளையின் இலையைக் காட்டி, "இங்கன இன்னொரு கரண்டி கீரை போடுங்கண்ணே, வளர்ற புள்ள" என்றார்.