நாலாவது போரில் தண்ணீர்

"நாலு போரும் அடிச்சே ஆகணும் சாரே. ஒண்ணை அடிச்சுட்டு மூணை விட முடியாது."

கைபேசியின் ஸ்பீக்கரில் அந்தக் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. சுப்பு குளியலறையில் தலைக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தான். துண்டைச் சுற்றிக்கொண்டு அவன் ஓடி வருவதற்குள் அவன் மனைவி ஸ்மிதா பேசி முடித்துக் கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டாள்.

"யாரோ ரெனியாம். நாலு போர் அடிக்கணுமாம். எங்கே அடிக்கப் போறேள்?"

அதற்கு உண்மையான பதில் ஒன்று இருந்தது. கரமனைக்குப் பக்கத்தில் ரெனியின் மெஷின் ஷாப்பில், சுப்புவின் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரின் எஞ்சின் பிரித்துப் போட்டபடி கிடந்தது. நாலு சிலிண்டர், நாலு போர். ஓடி ஓடி உள்சுவர் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. நாலையும் கடைந்து மறுபடி வட்டமாக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் போரிங் என்று பெயர்.

ஆனால் அதைச் சொல்ல முடியாதபடி சுப்பு தன் வாயாலேயே தன்னைக் கட்டிப்போட்டிருந்தான். அவன் இன்சூரன்ஸ் கம்பெனியில் கார் க்ளெய்ம் பார்ப்பவன். ஊரார் கொண்டுவரும் ரிப்பேர் எஸ்டிமேட்டில் பாதியை வெட்டித் தள்ளுவதுதான் அவன் உத்தியோகம். மலையடிவார வித்துராவுக்கு மேலே ஒரு எஸ்டேட் பங்களாவில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த அந்தக் காரை வாங்கி வந்த அன்றே ஸ்மிதாவிடம் மார்தட்டியிருந்தான். "இருபத்தஞ்சாயிரத்துல எஞ்சின் வேலையை முடிச்சுக் காட்டறேன். அதுக்கு மேல ஒரு ரூபா போனா வண்டியை நானே வித்துடறேன்."

ரெனி எஞ்சினைப் பிரித்துக் கழுவிய கட்டத்திலேயே அந்த இருபத்தைந்தாயிரம் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போய்விட்டது.

"எங்கேன்னு கேட்டேனே" என்றாள் ஸ்மிதா.

"கரமனைல ஒரு சிநேகிதன் மனையிலதான். குழாய் நம்மாத்துக் கொல்லைக்கு வரும்" என்றான் சுப்பு. சோப்புத் தண்ணீர் வாய்க்குள் போனது. "போர்வெல். உங்கிட்ட முடிவாச் சொல்லலாம்னு இருந்தேன்."

ஸ்மிதாவின் முகம் மலர்ந்ததை அவன் பார்த்தான். அவர்கள் வீடு இருந்த வலியசாலையில் அந்த வருஷம் தை பிறந்ததுமே குழாயில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. தெருவின் நலச் சங்கத்துக்கு ஸ்மிதாதான் பொருளாளர். தண்ணீருக்காக அவள் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை.

"நிஜமாவா? ஆனா நாலு எதுக்கு?"

"நம்மாத்துக்கு மட்டும் போட்டுண்டா நன்னாருக்குமா? தெருவுக்கும் சேர்த்துத்தான்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே புரிந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. எதிர் வீட்டுக் கௌசிக் வந்து சுப்புவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "கார்ப்பரேஷன் பண்ணாததை நீ பண்றாய். எங்க பங்கு என்னன்னு சொல்லு, குடுத்துடறோம்."

 பிறத்தியார் பணத்தைத் தொடச் சுப்புவின் மனசு இடம் தராது. நல்லவேளையாக ஸ்மிதாவே குறுக்கே வந்தாள்.

"தெருக்காரா குடுக்கறது சங்கத்துலயே இருக்கட்டும் மாமா. இவர் போரிங்குக்கு நான் சீட்டுக் கட்டி எடுத்த சிட்டிப் பணம் இருக்கு" என்றவள், உள்ளே போய் ஒரு உறையைக் கொண்டுவந்து சுப்புவின் கையில் வைத்தாள்.

போனஸ் வந்ததும் இதைத் திருப்பி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று சுப்பு தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டான். மறுநாள் காலை கரமனைக்குப் போனான்.

ரெனி பாறசாலைப் பக்கத்துக்காரன். போர் கேஜைச் சிலிண்டருக்குள் இறக்கி, மேலே, நடுவே, கீழே என்று அளந்து சுவரில் சாக்குக்கட்டியால் எழுதிக்கொண்டிருந்தான். அந்தக் கையின் நிதானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதே சுப்புவுக்குக் கோயிலில் நிற்பதுபோல இருந்தது.

"இந்த ஜில்லாவுல இத இப்படி அளக்க என்னை விட்டா ஆளில்ல. பெருமைக்குச் சொல்லல சாரே" என்று ரெனி பெருமையாகச் சொன்னான். "போர் அடிக்கலாம். ஆனா பிஸ்டன் கையில வரட்டும். பிஸ்டனை அளந்துட்டுத்தான் போரை அடிக்கணும். அதுக்கு முன்ன பிளாக்குல விரிசல் உண்டோன்னு ஒரு டெஸ்ட்டும் பார்த்துரலாம்."

சுப்புவுக்குள் இருந்த க்ளெய்ம் ஆபீசர் விழித்துக்கொண்டான். எஸ்டிமேட்டில் எங்கே வெட்டலாம் என்றுதான் அவன் கண் எப்போதும் தேடும்.

"டெஸ்ட் எதுக்கு? விரிசல் இருந்தா கண்ணுக்குத் தெரியாதா? பிஸ்டன் கோயம்புத்தூர்லேர்ந்து வந்துண்டிருக்கு. பழசைவிட ஒரு படி மட்டும் பெரிசான முதல் சைஸ்தான், சொல்லியாச்சு. நீங்க அடிச்சுடுங்கோ. இன்னிக்கே அடிச்சா ரேட்டைக் குறைக்கிறேன்னு சொன்னேளே."

"குறைக்கலாம். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது."

ரெனி அடித்தான். நாலு போரும் உள்ளே கண்ணாடிபோல ஆயின. கோயம்புத்தூரிலிருந்து பார்சலும் வந்தது. முதல் சைஸ் இந்தியா முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை என்றும் அதற்கும் அடுத்த சைஸை அனுப்பியிருப்பதாகவும் கடைக்காரர் அன்போடு போன் செய்தார். பிஸ்டனைப் போரின் வாயில் வைத்துப் பார்த்தார்கள். உட்காரவே இல்லை.

"இன்னொரு தடவை அடிக்கணும்" என்றான் ரெனி. சொல்லிக்காட்டாமல் சொன்னதுதான் சுப்புவுக்கு அதிகமாக வலித்தது.

வீட்டில் அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "போர் சைஸ் சின்னதாப் போயிடுத்து ஸ்மிதா. பெரிசா அடிக்கணும்."

"அடிக்கட்டுமே. பெரிசா இருந்தா நன்னாத்தானே வரும்" என்று அவள் இன்னொரு உறையை எடுத்துக் கொடுத்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுப்பு மாடிக்குப் போய், குழந்தையைப்போல ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இப்படி ஒரு மனைவியை ஏமாற்றி ஓட்டுகிற கார் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. உடனே, முன்பக்கம் முழுவதும் முதலை வாயைப்போலத் திறக்கிற அந்தச் சின்னக் காரின் பானெட் ஞாபகம் வந்தது. மனசு இளகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நலச் சங்கக் கூட்டம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. தெருவில் பாதிப்பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சுப்பு காபி டம்ளர்களை எடுக்க உள்ளே போன நேரம், அவன் கைபேசி அடித்தது. ஸ்மிதா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சாரே, இரண்டாமதும் அடிச்சு முடிச்சு, ஒரு சமாதானத்துக்கு டெஸ்ட் வெச்சுப் பார்த்தேன். நாலாவது போர்ல வெள்ளம் வருது கேட்டீங்களா."

ரெனியின் பக்கத்துப் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர். கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாரோ கை தட்டினார்கள். கௌசிக்குக்குக் கண் கலங்கிவிட்டது.

உள்ளே சுப்புவின் கையிலிருந்து ஒரு டம்ளர் உருண்டது. எஞ்சினின் பிளாக்கில் தண்ணீர் ஓடும் பகுதிக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல். அது இருக்கிறதா என்று பார்க்கத்தான் ரெனி முதல் நாளே டெஸ்ட் கேட்டான். வேண்டாம் என்றது இவன்.

கௌசிக் கைபேசியின் பக்கம் குனிந்தார். "எத்தனை அடியில வர்றது?"

"அடியிலயா? இல்ல, நடுவுலயாக்கும். பயப்படாதீங்க, ஒரு ஸ்லீவ் இறக்கி நிப்பாட்டிரலாம்."

"எதை நிப்பாட்டறது?"

"வெள்ளத்தைத்தான்."

பாயில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுப்பு பாய்ந்து வந்து கைபேசியைப் பிடுங்கி அணைத்தான்.

"சேறு கலந்து வரும் ஜலத்தைச் சொல்றான். உள்ள ஒரு குழாய் இறக்கிட்டா சேறு நின்னுடும், நல்ல ஜலம் வரும்" என்றான். அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்ட பொய்க் க்ளெய்ம்கள் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் அவனுக்குக் கைகொடுத்தன.

"அப்போ எப்ப பார்க்கலாம்?" என்றார் கௌசிக்.

சுப்பு வாயைத் திறப்பதற்குள் ஸ்மிதா சொன்னாள். "சித்திரை விஷுவுக்கு முதல் நாள். இவர் சொன்னா சொன்னதுதான்." அன்று மாலை அவள் வீடு வீடாகப் பாயசம் கொடுத்தனுப்பினாள். 

விரிசல் விழுந்த சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற உருளைக் குழல் இறங்கியது. கிராங்க் கடைந்து வந்தது. வால்வுகள் உட்கார்ந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் உறை வந்தது, ஒவ்வொரு உறைக்கும் சுப்பு கரமனை மனையில் பாறை, களிமண், மோட்டார் என்று ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்தான். கடைசியில் எஞ்சினை வண்டிக்குள் இறக்கிச் சாவியைத் திருப்பினார்கள். இரண்டு முறை இருமிவிட்டு, மூன்றாவதில் அது பிடித்துக்கொண்டது. வண்டியின் மேல் வைத்த டீ கிளாஸில் டீ அசையவில்லை. ரெனி கிளாஸையும் சுப்புவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"புது எஞ்சின் மாதிரியாக்கும். ஒரு நாள் மெதுவா ஓட்டிப் பழக்குங்க. பொன்முடி மலை ஏத்தமெல்லாம் வேண்டாம். கல்லாறு வரை போய்த் திரும்புங்க."

விஷுவுக்கு முதல் நாள்தான் சுப்புவுக்கு விடுமுறை கிடைத்தது. வித்துராவில் ஒரு க்ளெய்ம் இன்ஸ்பெக்ஷன் என்று ஸ்மிதாவிடம் சொன்னான்.

"போய்ட்டு நிதானமா வாங்கோ. சாயங்காலத்துக்கு முன்னாடி வரவேண்டாம்" என்றாள் அவள்.

நெடுமங்காடு தாண்டியதும் ரப்பர் மரங்களுக்கு நடுவே ரோடு வளைந்து வளைந்து ஏறியது. சின்னக் கார் ஒவ்வொரு வளைவையும் முனகாமல் எடுத்தது. வித்துராச் சந்தையில் லாரிக்காரர்கள்கூட ஒதுங்கி வழிவிட்டு, தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். கல்லாற்றின் கரையில் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, சுப்பு அந்த எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு சொட்டு எண்ணெய் கசியவில்லை. ஆற்றில் தண்ணீர் பாறைகளைச் சுற்றி ஓடியது. அவ்வளவு தண்ணீரைப் பார்த்ததும் அவனுக்குத் தன் தெரு நினைவுக்கு வந்துவிட்டது.

அங்கேயே முடிவு செய்தான். இனி ஒரு பொய் கிடையாது. காரைத் தெருவுக்குள் கொண்டுபோய் நிறுத்தி, எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டு, காரை விற்று ஒரு நிஜமான போர்வெல் போட்டுவிட வேண்டியது. வரும் வழியெல்லாம் எஞ்சின் அழகாகப் பாடிக்கொண்டே வந்தது. அவன்தான் கேட்கிற நிலையில் இல்லை.

தெருவுக்குள் திரும்பியபோது பயந்தபடியே இருந்தது. அவன் வீட்டு வாசலில் தெருவே கூடியிருந்தது. கையில் குடம், வாளி. சுப்பு எஞ்சினை அணைக்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே தலையை வெளியே நீட்டினான்.

"எல்லாரும் என்னை மன்னிச்சுடணும். போர் அடிச்சது நிஜம். நாலும் இதோ, இந்த எஞ்சினுக்குள்ள இருக்கு. கரமனைலயும் கொல்லைலயும் ஒண்ணும் இல்லை. ஸ்மிதாவோட பணம் முழுக்க இதுக்குத்தான் போச்சு. நாளைக்கே இதை வித்து உங்களுக்கு ஜலம் கொண்டுவரேன்."

 கௌசிக் ஸ்மிதாவைப் பார்த்தார். ஸ்மிதா முன்னால் வந்து, முந்தானையால் பானெட்டின் மேல் இருந்த புழுதியை மெல்லத் துடைத்தாள்.

"எவ்வளவு அழகா ஓடறது இது. இதைப் போய் யாராவது விப்பாளோ? கீழ இறங்கி வாங்கோ. பார்த்து, செருப்பு நனையும்."

சுப்பு இறங்கினான். கால் சில்லென்று நனைந்தது. அவன் வீட்டுக் கொல்லையிலிருந்து நடைவழியாகத் தண்ணீர் தெளிவாக வழிந்து வந்து, தெருக் கல்லில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஸ்மிதா, நீ எப்போ..."

அவள் சிரித்துக்கொண்டே கொல்லைப்பக்கம் திரும்பினாள். கொல்லையிலிருந்து முழங்கால்வரை சேறோடு ஒருவர் துண்டால் கையைத் துடைத்தபடி வந்தார். போர்வெல் போடும் வேலாயுதன்.

"சாருக்கு இன்னுமா தெரியாது?" என்றார் அவர். "மேடம்தான் என் மச்சினன் ரெனிகிட்ட உங்க எஞ்சினுக்கு எவ்வளவு ஆகும்னு தை மாசமே கேட்டு வெச்சு, அதை உறை உறையாப் பிரிச்சு ஒதுக்கிட்டு, மீதிச் சிட்டிப் பணமும் தெருப் பணமும் சேர்ந்தா ஒரு போர்வெல் முடியுமான்னு என்கிட்ட ரேட் பேசினது, நீங்க அந்த எஞ்சினைக் கழட்டுறதுக்கு முன்னயாக்கும்."