பதினாறு பக்கமும் ஒரு குழாயும்

ஒரு கட்டுரை ஏற்கப்படுவது வேறு, அது அச்சுக்குப் போவது வேறு என்று எங்கள் கழகத்தின் ஏழாவது விதி தெளிவாகச் சொல்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் அல்லவா? செந்தமிழ் ஆய்வுக் கழகத்தில் அந்தப் பூசாரி நான். பெயர் மாணிக்கம். பகலில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. மாலை ஐந்தரைக்கு மேல், பஃபலோ ரோட்டில் மசாலாக் கடையின் மேல்மாடியில், கழகத்தின் கோப்புச் செயலாளர். ஏற்கப்பட்ட கட்டுரைகளை அச்சுக்கு ஆயத்தம் செய்வது என் பொறுப்பு. நான்கு வருஷத்தில் எந்தக் கட்டுரையையும் நான் அவசரப்பட்டு அனுப்பியதில்லை.

1961ஆம் ஆண்டு சம்சுன்னிசா டீச்சரின் கட்டுரையை ஆய்விதழுக்கு ஏற்றுக்கொண்டோம். தஞ்சோங் பகாரில் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் நூற்று நாற்பது வீடுகளுக்கு ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். டீச்சர் மூன்று மாதம் அந்தக் குழாயடியில் கைக்கடிகாரத்தோடு நின்று கணக்கெடுத்திருந்தார். ஒரு வாளி தண்ணீருக்குச் சராசரியாக ஒரு மணி ஐம்பது நிமிஷம் நிற்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தார். அந்த நூற்று நாற்பது வீடுகளில் ஒன்று என்னுடையது. வரிசையில் நிற்பவர்களில் என் மனைவி ரத்தினம்மாவும் ஒருத்தி. ஆனால் கோப்புச் செயலாளருக்குச் சொந்த வீட்டு விவகாரம் தெரியக்கூடாது. அதனால் எனக்குத் தெரியாது.

"செப்டம்பர் முப்பதுக்குள்ள இதழ் வந்துடணும் சார்" என்றார் டீச்சர். "அன்னிக்குத்தான் தண்ணீர் அலுவலகத்துல குழாய்க் கமிட்டி கூடுது. விட்டா அடுத்த கூட்டம் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான்."

"நேரா போய்ச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். அங்க இருக்கிற சுந்தரம் சார் என்ன சொன்னார் தெரியுமா? வாயால சொன்னா வம்பு, கையால எழுதினா புகார், டைப் அடிச்சா மனு, அச்சுல வந்தாத்தான் ஆய்வாம். கமிட்டி ஆய்வை மட்டும்தான் பார்க்குமாம்."

முன்பின் தெரியாத அந்தச் சுந்தரத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டாயிற்று.

ஆயத்தப் பணி தொடங்கியது. மூன்று பிரதி கேட்டேன், கொடுத்தார். இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் ஓரம் விடச் சொன்னேன், எல்லாவற்றையும் திரும்ப டைப் அடித்தார். அட்டவணைகளைத் தனித்தாளில் கேட்டேன். பக்க எண் போட்டவர்தான் பக்க எண் போட்டார் என்பதற்கு ஒரு சான்றிதழ் கேட்டேன். அதையும் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கி வந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

எங்கள் இதழ் பதினாறு பக்கம். அச்சகத்தில் ஒரு ஃபாரம் என்றால் பதினாறு பக்கம், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கட்டுரைக்குப் பதினொன்று, தலைப்புக்கு ஒன்று, நன்றியுரைக்கு ஒன்று. மிச்சம் மூன்று பக்கம்.

கோப்பைப் பார்த்ததும் தலைவர் அழகப்பன் முகம் வாடிவிட்டது.

"வாழ்த்துரை எங்க மாணிக்கம்?"

"இது ஆய்வுக் கட்டுரைங்க ஐயா."

"இருக்கட்டுமே. வாசல்ல பன்னீர் தெளிக்க ஆளில்லாம ஒரு கல்யாணம் நடக்குமா?"

தலைவர், துணைத்தலைவர், புரவலர் மூவரும் ஆளுக்கொரு பக்கம் படத்தோடு வாழ்த்தினார்கள். மூன்று பக்கமும் நிறைந்தது. அதோடு நின்றிருக்கும். ஆனால் துணைத்தலைவர் இருந்தால் இன்னொரு துணைத்தலைவரும் இருப்பார் இல்லையா? அவரை விட்டால் அவர் தனிக் கழகம் தொடங்கிவிடுவார். அப்படி ஏற்கெனவே இரண்டு கழகம் இந்த ஊரில் நடக்கிறது. அவரைப் போட்டால் பொருளாளர். பொருளாளரைப் போட்டால் முன்னாள் பொருளாளர்.

இடத்துக்கு எங்கே போவது? ஏற்கப்பட்ட கட்டுரையில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தக் கூடாது என்பது எட்டாவது விதி. நாங்கள் திருத்தவில்லை. அட்டவணைகள் நான்கு பக்கத்தையும் அப்படியே எடுத்துக் கோப்பில் வைத்தோம். அடுத்த வாரம் கணக்கெடுத்த முறை பற்றிய மூன்று பக்கம் கோப்புக்கு வந்தது. இதழ் மெலிய மெலியக் கோப்பு கொழுத்தது.

வாழ்த்துரைகள் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. புரவலர், "கற்பின் மாண்பை இத்தனை நுட்பமாக ஆராய்ந்தவர் எவருமில்லை" என்று எழுதியிருந்தார். அது போன இதழுக்கு எழுதியது. பொருத்தமாகத்தான் இருந்தது, விட்டுவிட்டோம்.

கடைசியில் கட்டுரை ஒரு பக்கத்தில் வந்து நின்றது. டீச்சர் புரூஃப் பார்க்க வந்தார்.

"என் கட்டுரை எங்க சார்?"

"கோப்புல பத்திரமா இருக்கு டீச்சர். ஓர் எழுத்துகூடக் குறையலை."

"அச்சுல வரணுமே சார்!"

"ஒரு பக்கம் வருதே."

டீச்சர் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். "இதையாவது விட்டுடுங்க" என்றார். "எந்த இடம், எத்தனை வீடு, எத்தனை குழாய், மூணும் இதுல இருக்கு. உங்க வீட்டம்மாவும் அந்த வரிசையிலதான் நிக்கிறாங்க. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன்."

எனக்கு நெஞ்சு கலங்கிவிட்டது. விட்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். சத்தியமாக அதைக் காப்பாற்றியும் இருப்பேன், தலைவரின் சம்பந்தி மட்டும் மறுநாள் படத்தோடு வராமல் இருந்திருந்தால். சம்பந்தியை விட்டுவிட்டால் தலைவர் மகள் புகுந்த வீட்டில் எப்படி வாழ்வாள்? ஒரு பெண்ணின் வாழ்க்கை. அந்தப் பக்கமும் கோப்புக்கு வந்தது.

அச்சகக்காரர் நெய்னா முகம்மது பதினாறு பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "என்னா மாணிக்கம், மாப்பிள்ளைத் தோழன் பதினாலு பேரு நிக்கிறான், மாப்பிள்ளையைக் காணோம்லா."

"ஃபாரம் நிறைஞ்சிருக்கா?"

"நிறைஞ்சிருக்கு."

"அப்ப ஓட்டுங்க."

செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி இதழ் வெளியானது. சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னதாக. டீச்சருக்குப் பொன்னாடை போர்த்தினோம். அவர் அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று கூட்ட அறிக்கையில் குறித்துக்கொண்டேன்.

முப்பதாம் தேதி டீச்சரோடு நானும் தண்ணீர் அலுவலகத்துக்குப் போனேன். சுந்தரம் இதழைக் கையில் எடுத்து முதலில் கனம் பார்த்தார். பிறகு படங்களை எண்ணினார்.

"பதினாலு பெரிய மனுஷங்க! இவ்வளவு பேர் பாராட்டியிருக்காங்கன்னா ஆய்வு சரியாத்தான் இருக்கும். கமிட்டிகிட்ட நான் சொல்லிடறேன். ஒரு குழாய் உறுதி. எங்க போடணும்?"

"தஞ்சோங் பகார்ல சார். தொழிலாளர் குடியிருப்புல" என்றார் டீச்சர்.

"வாயால சொல்லாதீங்க. அச்சுல எங்க இருக்கு?"

சுந்தரமே தேடினார். அட்டை முதல் அட்டை வரை தேடியதில் ஒரே ஒரு விலாசம்தான் அகப்பட்டது. பஃபலோ ரோடு, மசாலாக் கடை மேல்மாடி.

மூன்று வாரத்தில் எங்கள் மாடிப்படிக்குக் கீழே, கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில், பளபளவென்று ஒரு புதுக் குழாய் முளைத்தது. அந்தத் தெருவில் எல்லாக் கடையிலும் உள்ளேயே தண்ணீர் வருகிறது. ஆகவே வரிசையே இல்லை. ஆய்வினால் விளைந்த பயன் என்று தலைவர் அதற்கு மாலை போட்டார்.

தஞ்சோங் பகாரில் எனக்கு அடி விழும் என்று பயந்துகொண்டிருந்தேன். இதழ் ஒன்று எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்து, வரிசையில் கைமாறிக்கொண்டிருந்தது. ஒரு மணி ஐம்பது நிமிஷம் நிற்பவர்கள் வேறென்ன செய்வார்கள், படித்தார்கள். கப்பலில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டும் மருதப்பன் என்னைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்தார்.

"ஏம்ப்பா மாணிக்கம், நியாயமா இது?"

"குழாய் விஷயத்துல ஒரு சின்னத் தவறு..."

"குழாய் கிடக்கட்டும். இந்த வரிசையில மூத்தவன் நான். யார் யாரு படமோ போட்டிருக்கீங்க, என் படம் எங்க?"

வரிசை முழுக்க ஆமோதித்தது. ரத்தினம்மா, "உங்க படத்தையே காணோமே, அப்புறம் என்னங்க செயலாளர்?" என்றாள்.

தலைவர் பெருந்தன்மையானவர், குடியிருப்புச் சிறப்பிதழுக்கு உடனே சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் படம் எடுப்பவரை அழைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். நூறு பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். ஈரக் கைலியோடு நிற்பவர்களைப் படம் எடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். வாளிகளைப் போட்டது போட்டபடி அத்தனை பேரும் சட்டை மாற்ற வீட்டுக்கு ஓடினார்கள். ரத்தினம்மா கல்யாணச் சேலையைத் தேடிக்கொண்டு ஓடினாள். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

டீச்சர் வழக்கம்போல நோட்டும் கடிகாரமுமாக அங்கேதான் இருந்தார். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, பிடிக்க ஆளில்லை.

"எழுதுங்க டீச்சர்" என்றேன்.

பொய்க்கணக்கு எழுதத் தெரியாத மனுஷி. கடிகாரத்தைப் பார்த்தார், சட்டைப் பொத்தானைப் போட்டபடி ஓடிவரும் மருதப்பனைப் பார்த்தார். பிறகு எழுதினார்: காலை எட்டே கால். வரிசையில் யாருமில்லை. காத்திருக்கும் நேரம், இல்லை.

டீச்சரின் ஆய்வில் அந்தத் தாளை மட்டும் அச்சுக்கு அனுப்பினோம். சிறப்பிதழில் மற்ற பக்கமெல்லாம் படம். தண்ணீர் அலுவலகத்துக்கு ஒரு பிரதி போயிற்று. தஞ்சோங் பகாருக்குக் குழாய் தேவையில்லை என்பது ஆய்வில் நிரூபணமாகிவிட்டதாகச் சுந்தரம் பதில் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைக் குடியிருப்பில் இன்னும் யாரும் படிக்கவில்லை. வரிசையில் எல்லாரும் அவரவர் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.