எண்ணெய் குடித்த வயலின்

அன்று காலை இஞ்சினியர் சபதம் போட்டார். பெட்டிக்குள் உட்கார்ந்து தானே வாசிக்கும் பழைய இயந்திர வயலினைச் சாயங்காலத்துக்குள் பாடவைத்தே தீருவாராம்.

பெட்டியா அது? அலமாரி! முன்னறை முழுக்க அதன் ராஜ்ஜியம். அவர் மனைவியோ வயலின் டீச்சர். பாவம், தினமும் சாயங்காலம் பிள்ளைகளை மாடிப்படியில் உட்காரவைத்துப் பாடம் நடத்திவந்தாள்.

"பிள்ளைங்க வர்றதுக்குள்ள இது பாடினா முன்னறை எனக்கு. பாடலைன்னா உனக்கு. சம்மதமா?"

"சம்மதங்க" என்றாள், யோசிக்காமலே. அங்கேயே மனுஷர் சுதாரித்திருக்க வேண்டும்.

துரு சுரண்டி, புதுக் கம்பி மாட்டி, பெட்டிக்கு மறுபிறவியே கொடுத்திருந்தார். மிதித்தால் துருத்தி ஊதும், துளைபோட்ட காகிதச் சுருள் ஓடும், குதிரைமுடி கட்டிய வட்ட வில் சுற்றும். சத்தம் மட்டும் ஜலதோஷம் பிடித்த கொசு மாதிரி.

அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கம்பியை முறுக்கினார். தளர்த்தினார். துருத்தியில் ஓட்டை தேடினார். சோறு ஆறிப்போனது. வீட்டிலேயே வயலின் டீச்சர் இருக்கிறாளே, ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்பாரா! வயலின் பெண்பிள்ளை சமாச்சாரம். அதில் சக்கரத்தை மாட்டிவிட்டால் ஆம்பளை சமாச்சாரம். இது எந்த ஊர் நியாயம்?

அவர் கேட்டது பக்கத்து வீட்டு மோட்டார் மெக்கானிக்கை.

"சக்கரம் சுத்துதா சார்?"

"ஜம்முனு சுத்துது."

"கிறீச்சுங்குதா?"

"முதல்ல கிறீச்சுனுச்சு. நீங்க சொன்னபடி எண்ணெய் விட்டேன். இப்ப முனகுது."

"பாத்தீங்களா, குணம் தெரியுது! இன்னும் கொஞ்சம் விடுங்க."

விட்டார். வில்லின் முடியெல்லாம் பளபளத்தது. முனகலும் நின்றது.

"என்னங்க, அந்த முடிக்குப் போயி..." என்று மனைவி ஆரம்பித்தாள்.

"இது மெஷின்மா! உனக்குப் புரியாது!"

"நான் வாயே திறக்கலைங்க."

சாயங்காலம் பிள்ளைகள் வந்தார்கள். நேராக முன்னறைக்கே வந்தார்கள். இஞ்சினியர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

கடைசிப் பிள்ளையும் உட்காரும்வரை காத்திருந்த டீச்சர், ஸ்பிரிட் நனைத்த துணியோடு எழுந்தாள். முடியைத் துடைத்துத் துடைத்து எண்ணெயை எடுத்தாள். காய்ந்ததும், தன் வயலின் பெட்டியிலிருந்த ரோசின் என்ற பிசின் கட்டியை அதில் அழுத்தித் தேய்த்தாள்.

"முடி வழுக்கிக்கிட்டே போனா கம்பி எப்படிங்க பேசும்? அது பிடிச்சு இழுக்கணும். எங்கே, மிதிங்க."

மிதித்தார். அடடா, என்ன நாதம்!

"பாடிடுச்சு! முன்னறை எனக்கு!"

"பிள்ளைங்க வர்றதுக்குள்ளன்னுதானே பேச்சு?"

இஞ்சினியர் பிள்ளைகளைப் பார்த்தார். வரிசையாக உட்கார்ந்திருந்தன, சாட்சிகள்.

"சரி... பெட்டியை எங்கே தூக்கி வைக்கிறது?"

"எதுக்குங்க தூக்கணும்? பாடத்துக்கு வேணும். இங்கேயே இருக்கட்டும்."

"அப்ப நான்?"

முன்வரிசைச் சிறுமி அலுப்போடு திரும்பினாள்.

"அங்கிள், நிறுத்தாம மிதிங்க. தாளம் தப்புது."