கரண்டுச் சாமியின் நீல நாக்கு

கிட்ட வாருங்கள் என் குஞ்சுகளே. அந்தப் பாயை இழுத்துப் போட்டு இருங்கள். கையில் இருக்கிற போனைக் கவிழ்த்து வையுங்கள், அது எங்கேயும் ஓடிப்போகாது. வட்டக்கச்சிச் சந்தியில் ஒரு சாமி லப்டொப்புக்குப் பேயோட்டிய கதையை இப்போது சொல்லப் போகிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், அடக்க வேண்டாம்.

அந்த வருஷம் நவராத்திரி முடிந்த கையோடு, பூட்டிக் கிடந்த பழைய கூட்டுறவுச் சங்கக்கடைக்கு முன்னால் வெள்ளிக்கிழமை தோறும் திருவிழாக் கூட்டம். ஆனால் ஒருவர் கையிலும் அர்ச்சனைத் தட்டு இல்லை. எல்லார் மடியிலும் லப்டொப். சிலர் பட்டுத் துணியில் சுற்றியிருந்தார்கள். சிலர் பிறந்த பிள்ளையைப் போலத் துவாயால் போர்த்தியிருந்தார்கள். ஒருத்தி தன் லப்டொப்புக்கு வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். குடைக்கு வெளியே அவளுடைய மாமியார் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார்.

கடைக்குள்ளே இருந்தவர்தான் கரண்டுச் சாமி. நெளுக்குளம் பக்கத்திலிருந்து வந்தவர் என்றார்கள். இமயமலையில் இருந்தவர் என்றும் சொன்னார்கள். இரண்டுக்கும் நடுவில் எந்த பஸ் ஓடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. காவி வேட்டி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும் ஒரு குட்டிப் பித்தளை வேல்.

"கரண்ட் எண்டது என்ன? சக்தி. சக்தி எண்டது ஆர்? அம்பாள். அம்பாள் கோவிச்சால் சார்ஜ் ஏறுமோ?" என்று அவர் கேட்பார்.

சனம் ஏறாது என்று தலையாட்டும். ஆட்டுகிற தலைக்குள் எதுவும் ஏறாதுதானே.

அந்த வரிசையில் லப்டொப்பை நெஞ்சோடு அணைத்தபடி நின்றவர்களில் ஒருத்தி கமலாசனி. நல்ல மனுசி. வயல், வீடு, கோயில், தம்பி குடும்பம் என்று எல்லாவற்றையும் ஒரு கையால் தூக்கிக்கொண்டு திரிகிறவள். அவளுக்கு வந்த கஷ்டத்தைத்தான் நான் சொல்ல வந்தேன்.

வெளிநாட்டில் இருக்கிற ஊர்ச்சங்கம், பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளுக்கென்று ஒரே மாதிரி லப்டொப்புகளை அனுப்பியிருந்தது. கமலாசனியின் மகள் பிரஷாந்தினிக்கும் ஒன்று கிடைத்தது. தகடு போல மெல்லிசான சாமான். போனுக்குச் சார்ஜ் போடுகிற மாதிரியே, ஓரத்தில் ஒரு நெல்மணி அளவு நீள்வட்ட ஓட்டை. அதற்குள் வயரைச் செருகினால் சின்ன வெளிச்சம் ஒன்று பற்றும். அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கமலாசனி விளக்கேற்றினாற்போல் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

நவராத்திரி வந்தது. கும்பத்துக்கு முன்னால் புத்தகங்களோடு லப்டொப்பும் ஏறியது. அந்த ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது, பிள்ளைகளே. பூசைக்கு வைக்கிற சாமானுக்கு, அது சாப்பிடுகிற இடத்தில் சந்தனம் வைப்பார்கள். சூடடிக்கிற மெஷினுக்குக் கதிர் போகிற வாயில். தண்ணிப் பம்புக்கு எண்ணெய் ஊற்றுகிற இடத்தில். அதற்குச் சாப்பாடு குறையக்கூடாது என்ற அன்புதான். மெஷினுக்கு வாய் பெரிது, ஒரு விரல் சந்தனம் அதை ஒன்றும் செய்யாது.

லப்டொப் சாப்பிடுவது கரண்ட். அது போகிற இடம் அந்த நெல்மணி ஓட்டை. கமலாசனி சந்தனத்தைக் குழைத்து, பக்தியோடு, ஒரு துளியும் சிந்தாமல் அதற்குள் வைத்து, விரலால் நன்றாக அமத்தியும் விட்டாள். ஊரில் இருந்த அம்மாமார் அத்தனை பேரும் அதே பக்தியோடு அதே வேலையைச் செய்தார்கள். மறுநாள் பிள்ளைகள் ஈரத் துணியால் வெளியே துடைத்தார்கள். உள்ளே இருந்தது இருந்தபடி காய்ந்து சீமெந்தாகியது.

பிறகென்ன, ஊர் முழுக்க ஒரே வாரத்தில் லப்டொப்புகள் சார்ஜ் ஏறாமல் படுத்துவிட்டன. பிரஷாந்தினி வயரை மாற்றிப் பார்த்தாள். சார்ஜரை மாற்றிப் பார்த்தாள். குசினியில் இருந்த பிளக்கில் போட்டுப் பார்த்தாள், சாமியறைப் பிளக்கில் போட்டுப் பார்த்தாள். நிப்பாட்டி நிப்பாட்டிப் போட்டாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை. எல்லாம் செய்தவள், ஓட்டைக்குள் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் இப்படி நடந்தால் சனம் என்ன சொல்லும்? கண்ணூறு என்று சொன்னது. அந்தச் சொல் வாயிலிருந்து விழுவதற்கிடையில் கரண்டுச் சாமி சங்கக்கடையைக் கூட்டித் துப்புரவாக்கி, சிவப்புத் திரை கட்டி, மணியும் வாங்கிவிட்டார்.

அவருடைய வைத்தியம் இதுதான். லப்டொப்பை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போவார். பார்த்தால் கண் போய்விடும் என்று சொல்லுவார். மணி அடிக்கும், மந்திரம் கேட்கும். வெளியே வரும்போது வயர் செருகியிருக்கும், வெளிச்சம் பற்றியிருக்கும். சனம் அரோகரா சொல்லும். பிறகு வயரைக் கழற்றி, கண்ணூறு திரும்ப வராமல் இருக்கக் "காப்பு" வைப்பார். எதனால் வைப்பார்? சந்தனத்தால். எங்கே வைப்பார்? அதே ஓட்டைக்குள். துடைத்தால் அம்பாள் கோபிப்பாள் என்று சொல்லி அனுப்புவார். சந்தனம் ஈரமாக இருக்கும்வரை வயர் அதைத் தள்ளிக்கொண்டு போய்ப் பிடிக்கும். காய்ந்ததும் பழைய சீமெந்து, பழைய வரிசை. காணிக்கையாக வந்த நெல்லும் நல்லெண்ணெயும் சாமியின் வயிற்றை மாத்திரம் குறைவில்லாமல் சார்ஜ் ஏற்றின.

கமலாசனியின் லப்டொப் இரண்டாந்தரம் படுத்தபோது சாமி கண்ணை மூடி யோசித்தார். விளக்கேற்றிப் பூசை செய்யாத வீடு ஒன்று பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தது. கமலாசனியின் தம்பி இளையதம்பி முல்லைத்தீவுக் கரையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புனிதமலரின் வீடு. வேதக்காரப் பிள்ளை, மாதா கோயிலுக்குப் போகிறவள். அவளுடைய மகன் றஜித்துக்கும் அதே லப்டொப்தான் கிடைத்தது. ஊரிலேயே அது ஒன்றுதான் ஒழுங்காகச் சார்ஜ் ஏறியது.

"பாத்தியளோ. எல்லாருக்கும் போன சக்தி அங்க போய்ச் சேருது," என்றார் சாமி. "முதல்ல அந்தப் பக்கத்து வழியை அடையுங்கோ."

வழி என்றால் வேலியில் இருந்த பொட்டு, ஒரு சின்னத் திறப்பு. தகப்பன் இரண்டாகப் பிரித்துக் கொடுத்த காணி. நடுவில் வேலி போட்டபோதே, ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு அந்தப் பொட்டையும் விட்டார்கள். அதற்குள்ளால்தான் இரவல் உப்பு போகும், கீரை வரும், காய்ச்சல் என்றால் கொத்தமல்லித் தண்ணி போகும். சனிக்கிழமைகளில் புனிதமலர் வைத்த கணவாய்க் கறி சட்டியோடு வரும். கமலாசனியின் புருசன் நடராசா அந்தச் சட்டிக்காகவே சனிக்கிழமை வயலிலிருந்து வெள்ளென வருகிற மனுசன்.

நடராசாதான் கதியால் தடிகளை நட்டு, கம்பி இழுத்து, பொட்டை அடைத்தார். ஒவ்வொரு கதியாலுக்கும் ஒரு பெருமூச்சு விட்டார். சாமிக்குக் கணவாய் பிடிக்காதாக்கும் என்று முணுமுணுத்தார். அந்தப் பக்கம் புனிதமலர் உடுப்புக் காயப்போட்டபடி பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. கமலாசனிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பொட்டை அடைத்தும் லப்டொப் மூன்றாந்தரம் படுத்தது. புனிதமலர் வேலிக்கு மேலால் கண் எறிகிறாள் என்றார் சாமி. அந்தப் பெண் ஒரு போகமாவது தாய் வீட்டில் போய் இருந்தால்தான் ஊருக்கு விமோசனம் என்று கூட்டத்துக்கு முன்னாலேயே அறிவித்தார். கூட்டத்தில் முதலில் ஓம் போட்டது அன்னபாக்கியம். கோயிலிலும் அவள்தான் முதல் அரோகரா சொல்கிறவள், சாவீட்டிலும் அவள்தான் முதல் அழுகிறவள். வருகிற வெள்ளிக்கிழமை இளையதம்பியிடம் போய்ச் சொல்வதென்று முடிவாகியது.

அடுத்த நாள் காலையில் புனிதமலர் முன்படலையால் வந்தாள். பொட்டு அடைபட்ட பிறகு அந்நிய ஆள் போல றோட்டால் சுற்றி வந்தவளைக் கண்டதும் கமலாசனிக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"மச்சாள், நான் போறதெண்டாப் போறன்," என்றாள் புனிதமலர். "அதுக்கு முதல் அந்த லப்டொப்பை ஒருக்காக் காட்டுங்கோ. என்னாலதான் பழுதாப் போச்செண்டா, என்ன பழுதெண்டாவது நான் பாக்க வேணுமெல்லே."

பிரஷாந்தினி லப்டொப்பைக் கொண்டுவந்தாள். புனிதமலர் றஜித்தின் லப்டொப்பையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ரோச் லைட் அடித்தாள். றஜித்தின் ஓட்டைக்குள் நடுவில் குட்டி நாக்குப் போல ஒரு தகடு தெரிந்தது. பிரஷாந்தினியின் ஓட்டைக்குள் மஞ்சளாக ஒரு சுவர் தெரிந்தது.

கமலாசனி குனிந்து பார்த்தாள். மணந்தும் பார்த்தாள். பிறகு கதிரையில் இருந்துவிட்டாள்.

"இது நான் அரைச்ச சந்தனம்," என்றாள் மெல்ல. "எனக்கு மணம் தெரியும். கிண்டி எடு புனிதம்."

"நான் எடுத்தா, தான் வைச்ச சூனியத்தைத் தானே எடுத்தாள் எண்டு அன்னபாக்கியம் அக்கா சந்தியில நிண்டு சொல்லுவா. சாமியே எடுக்கட்டும். ஆனா என்னத்தால எடுக்கிறார் எண்டு ஊர் பாக்க வேணும். உங்கட வீட்டில வேட்டிக்குப் போடுற நீலம் கிடக்கோ?"

லப்டொப்பை நிப்பாட்டி, காய்ந்த சந்தனத்தை ஈர்க்கால் சுரண்டி எடுத்து, உள்ளே நீலத்தூளை வைத்து அடைத்து, மேலே புதுச் சந்தனம் பூசிக் காயவிட்டார்கள். பூசியது கமலாசனியின் விரல். முதல் தரம் பக்தியோடு வைத்தவள், இந்தத் தரம் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை. கூட்டம் வாசல் தாண்டி நின்றது. கமலாசனி லப்டொப்பை நீட்டினாள். சாமி அதைத் தொட்டதும் உடம்பை உதறி, இது கரையிலிருந்து வந்த கண்தான், முன்னையதிலும் பார்க்கக் கடுமை என்றார். பின்வரிசையில் புனிதமலர் முக்காடு போட்டபடி நின்றாள்.

சாமி திரைக்குள் போனார். மணி அடித்தது. மந்திரம் தொடங்கியது, நடுவில் நின்றது, துப்புகிற சத்தம் ஒன்று கேட்டது, மறுபடி தொடங்கியது. பிறகு திரை விலகியது. லப்டொப்பில் வெளிச்சம். சாமி இரண்டு கையையும் தூக்கி, வாயை அகலத் திறந்து, "அரோகரா" என்றார்.

நாக்கு முழுக்க நீலம். பல் நீலம். கீழுதட்டிலிருந்து தாடிக்கு ஒரு நீல ஆறு இறங்கிக்கொண்டிருந்தது.

அன்னபாக்கியம் தடாலென்று நிலத்தில் விழுந்தாள்.

"நீலகண்டன் வந்திட்டார். ஊர்க் கண்ணூறை எல்லாம் சாமி விழுங்கிப்போட்டார்."

பாருங்கள் பிள்ளைகளே, பொய் அவிழ்ந்து விழுகிறது, அதற்கும் சனம் கற்பூரம் கொளுத்துகிறது. நாலு பேர் அழுதார்கள். ஒருவர் தேங்காய் உடைத்தார். சாமிக்கு எதற்கு இவ்வளவு மரியாதை என்று விளங்கவில்லை. ஆனாலும் வந்ததை விடுவானேன் என்று இன்னும் அகலமாகச் சிரித்தார். இன்னும் கொஞ்சம் நீலம் வழிந்தது.

புனிதமலர் வாயைத் திறக்க வந்தாள். அதற்குள், சாமியின் கழுத்து வேலில் நீலம் ஒட்டியிருந்ததைக் கண்ட கமலாசனி முன்னுக்குப் போய்விட்டாள். இவ்வளவு காலம் சாமி என்றால் குனிந்தே பேசியவள், நிமிர்ந்து நின்று கதைத்தாள்.

"அது நஞ்சில்லை. எங்கட வீட்டு வேட்டிக்குப் போடுற நீலம். நான்தான் அந்த ஓட்டைக்குள்ள வைச்சனான். சாமி, உங்கட வேல் நுனியை எல்லாருக்கும் காட்டுங்கோ பாப்பம்."

சாமி வேலைப் பொத்தினார். பொத்திய கையும் நீலமாகியது. நடராசா போய்க் கையை விலக்கினார். நுனியில் நீலமும் சந்தனமும் அப்பிக் கிடந்தன. வேல் நுனியை எச்சில் தொட்டு ஓட்டையைக் கிண்டுவதுதான் இமயமலை வித்தை.

"அப்ப மந்திரம்?" என்று ஒரு கிழவர் கேட்டார். பாவம், அவர் அதை எழுதி மனப்பாடம் பண்ணியிருந்தார்.

கமலாசனி வாசலில் சாத்தியிருந்த விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவினாள். விழுந்து கிடந்த அன்னபாக்கியத்தின் லப்டொப்பை எடுத்தாள். அது நின்றுபோயிருக்கிறதா, வயர் கழற்றியிருக்கிறதா என்று பார்த்தாள். நீங்களும் அப்படித்தான் பார்க்க வேண்டும், இரும்பு ஊசியும் தொடக்கூடாது. பிறகு எல்லார் கண் முன்னாலும், திரையில்லாமல், மணியில்லாமல், பொறுமையாகச் சுரண்டினாள். மஞ்சள் தூள் அன்னபாக்கியத்தின் மடியிலேயே கொட்டியது. வயரைச் செருகினாள். வெளிச்சம் பற்றியது.

"அக்கா, நான் ஏதும் மந்திரம் சொன்னனானோ?"

அன்னபாக்கியம் இல்லை என்று தலையாட்டினாள். தலை ஆடியது வழக்கம்தான். கேள்வி விளங்கி ஆடியது அன்றுதான் முதல் தரம்.

அதன்பிறகு விளக்குமாறு பட்ட பாடு சொல்லி முடியாது. ஆளுக்கொரு ஈர்க்கு. சங்கக்கடை முற்றம் முழுக்கச் சந்தனத் தூள். சாமி கடைசியாக ஒரு பிடி பிடித்துப் பார்த்தார். அந்த விளக்குமாறு தான் நாற்பத்தெட்டு நாள் மந்திரித்தது என்றார். உடனே இரண்டு பேர் ஈர்க்கைக் கண்ணில் ஒற்றினார்கள். நடராசா மிச்சமாக இருந்த விளக்குமாற்றுக் கட்டையைத் தூக்கினார். கணவாய் இல்லாமல் போன சனிக்கிழமைகள் எல்லாம் அவர் முகத்தில் தெரிந்தன. சாமி நெல்லை விட்டார், எண்ணெயை விட்டார், கறுப்புக் கண்ணாடியையும் விட்டார். கண்ணாடி இல்லாமல் பார்த்த பிறகுதான், இவர் முன்பு போன் கவர் விற்றுக்கொண்டு சந்தைகளில் திரிந்த சதீஸ் என்று ஆளுக்காள் ஞாபகம் வந்தது. வவுனியா பஸ்ஸில் அவர் வாயை மூடிக்கொண்டு போனதாகக் கண்டவர்கள் சொன்னார்கள். கொண்டக்டர் எங்கே இறக்கம் என்று கேட்டதற்கும் கையால்தான் காட்டினாராம்.

கமலாசனி வீட்டுக்கு வந்தபோது வேலிப் பக்கம் டக்கு டக்கென்று சத்தம் கேட்டது. யாரும் சொல்லாமலே நடராசா கதியாலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கம்பி விழுந்ததும் கமலாசனி குனிந்து அந்தப் பக்கம் போனாள். புனிதமலர் அடுப்படியில் இருந்தாள்.

"நீ அண்டைக்கு ஏன் ஒண்டும் கேக்கேல்லை, புனிதம்?"

"நீங்கள் வருவியள் எண்டு தெரியும் மச்சாள். நாளைக்குச் சனிக்கிழமை. புளியை ஊறப்போடுங்கோ."

அவ்வளவுதான் கதை. அன்னபாக்கியம் மட்டும் தன் ஈர்க்குக்குச் சந்தனம் தடவிச் சாமியறையில் வைத்திருக்கிறாள் என்று கேள்வி. அவளுக்கு இன்னொரு கதை சொல்லவேண்டி வரும்.

உங்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன், குஞ்சுகளே. யாராவது திரை கட்டி, பார்த்தால் கண் போகும் என்றால், முதலில் எட்டிப் பாருங்கள். பார்த்ததால் அந்த ஊரில் ஒருவருக்கும் கண் போகவில்லை. பார்க்காததால்தான் ஒரு வேலிப் பொட்டு அடைபட்டது. உங்கள் வீட்டில் விளக்கும் எரியட்டும், மூளையும் எரியட்டும். குதிர் நிறைந்திருக்கட்டும். உங்கள் வேலியில் இருக்கிற பொட்டு ஒருநாளும் அடைபடாமல், அதற்குள்ளால் போகிற சட்டியும் வருகிற சட்டியும் சூடாகவே இருக்கட்டும்.