முந்நாட்டு எழிற்பாதையும் மிலோய்காவின் பீப்பாயும்

ஒரு பீப்பாயில் ஒரு சமயத்தில் ஒரு வருஷத்து மதுதான் இருக்க முடியும். அரசாங்கங்கள் எத்தனையோ விதிகளைத் திருத்தியிருக்கின்றன. இந்த விதியை மட்டும் இன்னும் யாரும் தொடவில்லை. ஆகவே ஓஸ்தெர்னா கிராமத்து மிலோய்கா ஆகஸ்ட் மாதக் கடைசியில் கவலையோடு இருந்தாள். சரிவில் திராட்சை பழுத்துக்கொண்டிருந்தது. நிலவறையிலோ போன வருஷத்து வெள்ளை மது பெரிய பீப்பாயில் கழுத்துவரை நின்றது. அறுவடைக்குள் அது காலியாகாவிட்டால், புதுச் சாற்றை ஓடையில்தான் ஊற்ற வேண்டும்.

வழக்கமாக இது ஒரு பிரச்சினையே இல்லை. அந்த மலையடிவாரத்தில் குடியானவர்கள் தங்கள் மதுவைத் தங்கள் முற்றத்திலேயே வருஷத்துக்கு எட்டு நாள் விற்றுக்கொள்ளலாம். பழைய ஆஸ்திரியப் பேரரசி காலத்து உரிமை. விளம்பரம் கிடையாது. சாலை பிரியும் இடத்தில் ஒரு கம்பத்தில் பச்சைத் தழைக்கொத்து ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். அதைக் கண்ட கார் தானாகத் திரும்பும். பீப்பாய் தீர்ந்ததும் கொத்தை அவிழ்த்துவிடுவார்கள். கொத்து இருந்தால் மது உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பொய் சொல்லாத ஒரே அறிவிப்பு அந்தப் பிரதேசத்தில் அதுதான்.

இந்நிலையில், மலையையும் மதுவையும் ஒரே பயணத்தில் கண்டு களிக்க எல்லை தாண்டும் சாலை ஒன்று வேண்டும் என்று ஸ்லோவேனியா, இத்தாலி, ஆஸ்திரியா ஆகிய மூன்று நாடுகள் முடிவு செய்தன. 'முந்நாட்டு மது–மலை எழிற்பாதைத் திட்டமிடல் கூட்டுக் குழு' பிறந்தது. பிறந்த குழந்தைக்குத் தொட்டிலாக அமைந்தது மிலோய்காவின் முற்றம்.

அதற்குக் காரணம் உண்டு. உலகப் போருக்குப் பிறகு எல்லைக்கோடு கிழித்தவர்கள் அவசரத்தில் அந்த முற்றத்தின் நடுவே கிழித்துவிட்டார்கள். சமையலறை ஸ்லோவேனியாவில். நிலவறை இத்தாலியில். வாதுமை மரத்தடியில் எல்லைக் கல். அங்கே ஒரு மேசையைப் போட்டால் ஸ்லோவேனிய அதிகாரி காஷ்பெரும் இத்தாலிய அதிகாரி எத்தோரேயும் அவரவர் நாட்டிலேயே உட்கார்ந்து பேசலாம். வெளிநாட்டுப் பயண அனுமதி தேவையில்லை. ஆஸ்திரியாவிலிருந்து வந்தவர் இரண்டு முனைவர் பட்டம் பெற்றவர். தம்மை 'முனைவர் முனைவர் கெர்னோட்' என்று அழைத்தால்தான் திரும்பிப் பார்ப்பார். அவர் உட்காரும் நாற்காலி மட்டும் கூட்டம் முடியும்வரை ஆஸ்திரியாவாகக் கருதப்படும் என்று தீர்மானம் நிறைவேறியது.

"அம்மா, சாலை உங்க வீட்டு வழியாத்தான் போகும். பீப்பாய் என்ன, கிணறே வச்சிருந்தாலும் காலியாயிடும்," என்றார் எத்தோரே.

மிலோய்கா உப்புக்கண்டம் போட்ட பன்றித் தொடையிலிருந்து மெல்லிசாக இறைச்சி சீவி வைத்தாள். அவித்த முட்டை வைத்தாள். மதுவை ஊற்றினாள்.

குழு வேலையில் இறங்கியது.

"முதல் பிரச்சினை, வண்டி ஓட்டுறவர் குடிக்கக் கூடாது," என்றார் காஷ்பெர்.

"நியாயம். அவருக்கு மலையைக் குடுத்துருவோம். மத்தவங்களுக்கு மது," என்றார் எத்தோரே.

முனைவர் முனைவர் யோசித்தார். "ஓட்டுறவர் சாலையைப் பார்க்கணுமே? மலையை எப்படிப் பார்ப்பார்?"

"மத்தவங்க பார்க்கட்டும்."

"அவங்க குடிச்சிருப்பாங்க. மலை ரெண்டாத் தெரியும். எங்க நாட்டுச் சிகரத்தை ரெண்டாக் காட்டினா அது தவறான தகவல்."

மூவரும் இன்னொரு குவளை ஊற்றிக்கொண்டார்கள். கடைசியில், வழி நெடுகக் 'காட்சி முனை' என்று பலகை வைத்து, அதில் மலையின் படத்தை அச்சிடுவதென்று முடிவாயிற்று. பலகை பெரிதாக இருந்ததால் பின்னால் மலை தெரியவில்லை. அதனால் பாதகமில்லை, படம் தெளிவாக இருக்கிறது என்று குறிப்பில் எழுதினார்கள். சாலை எங்கே செல்லும் என்று இறுதியாவதற்குள் பலகைகள் அச்சாகி வந்துவிட்டதால், முதல் பலகையை முற்றத்திலேயே, நிலவறையைப் பார்த்தபடி நட்டார்கள்.

செப்டம்பர் பிறந்தது. மிலோய்காவின் எட்டு நாள் தொடங்கியது. விடிந்ததும் சாலைப் பிரிவில் தழைக்கொத்தைக் கட்டிவிட்டு வந்தாள். மத்தியானத்துக்குள் காஷ்பெர் அதை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி வந்து சேர்ந்தார்.

"இது அங்கீகாரம் பெறாத வழிகாட்டி, அம்மா."

"இது கொத்துங்க ஐயா. எங்க பாட்டன் முப்பாட்டன் காலத்துலேருந்து..."

"அதனாலதான் குழுவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. பாரம்பரியம்! பாதை முழுக்க, எல்லாக் கம்பத்திலயும் கட்டப் போறோம். வருஷம் பூரா இருக்கும். வாடாது. பிளாஸ்டிக்."

இரண்டே நாளில் பிரதேசம் பச்சைப்பசேல் என்றாயிற்று. மின்கம்பத்தில் கொத்து, பேருந்து நிறுத்தத்தில் கொத்து, தேவாலய வாசலில் கொத்து, கால்நடை மருத்துவர் வீட்டில் கொத்து. அயலூர்க் கார்கள் கொத்தைப் பின்தொடர்ந்து போய் பாதிரியாரிடம் வெள்ளையா சிவப்பா என்று கேட்டன. தாகத்தோடு வந்த ஒரு ஜெர்மன் குடும்பம் பல் வைத்தியர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பல்லை இழந்து திரும்பியது. மிலோய்காவின் முற்றத்துக்கு மட்டும் ஈ காக்கைகூட வரவில்லை.

வந்தவன் அவள் கொழுந்தன் லோய்சே மட்டும்தான்.

"என்ன அண்ணி, கடையில கூட்டம் தாங்கல போலிருக்கே!"

"வாய மூடு தம்பி. பீப்பாய் அப்படியே நிக்குது. பழம் வெடிக்கிற மாதிரி இருக்கு."

"ஊருக்கெல்லாம் கொத்து கட்டி உனக்குக் கொள்ளி வச்சுட்டாங்களே," என்றவன், எல்லைக் கல்லருகே புதிதாக நின்ற ஒரு குட்டைத் தூணைப் பார்த்தான். "இதென்ன, கண்ணைச் சிமிட்டுது?"

அது எண்ணும் கருவி. எழிற்பாதையில் எத்தனை பேர் எல்லை தாண்டுகிறார்கள் என்று குழுவுக்குத் தெரிய வேண்டும். மற்ற இடங்களில் எல்லை எது என்பதில் வரைபடத்துக்கு வரைபடம் தகராறு. சந்தேகமில்லாத எல்லைக் கல் அந்த முற்றத்தில்தான் இருந்தது. எனவே கருவியும் அங்கேயே நடப்பட்டது. கோட்டை யார் தாண்டினாலும் அது குயில் மாதிரி ஒரு கூவு கூவும்.

மிலோய்கா ஜாடி எடுக்க நிலவறைக்குப் போனாள். கூவியது. திரும்பி வந்தாள். கூவியது. கோழி ஒன்று இத்தாலிக்குப் போய் மண்ணைக் கிளறிவிட்டுத் தாய்நாடு திரும்பியது. இரண்டு கூவு.

மறுநாள் முனைவர் முனைவர் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் ஆனந்தக் கண்ணீர்.

"அம்மா! உங்க முற்றத்துக்கு வெளிநாட்டுப் பயணிகள் வெள்ளமா வர்றாங்களே! அமைச்சர் பூரிச்சுப்போயிட்டார். கூட்டம் இப்படியே இருந்தா, உங்க எட்டு நாளை அறுவடை வரைக்கும் நீட்டிக்கச் சொல்லிட்டார்!"

மிலோய்கா கோழியைப் பார்த்தாள். கோழி மிலோய்காவைப் பார்த்தது. உடனே லோய்சேயை ஊருக்குள் அனுப்பினாள்.

சாயங்காலம் ஊரே வந்துவிட்டது. தீயணைப்புப் படை வந்தது, பின்னாலேயே தேவாலயப் பாடகர் குழு. பிறகு பல் வைத்தியர். ஒவ்வொருவரும் சமையலறையில் குவளையை வாங்கிக்கொண்டு, இத்தாலிக்குப் போய் நிரப்பி, ஸ்லோவேனியாவுக்கு வந்து குடித்து, மறுபடி வெளிநாடு கிளம்பினார்கள். கருவி மூச்சுவிடாமல் கூவியது.

"ஏம்ப்பா, இத்தோட எத்தனை தடவை வெளிநாடு?"

"எண்ணல. சாமான் எல்லாம் அங்கேயே வச்சுட்டு வந்திருக்கேன்."

"தள்ளுங்கய்யா, தள்ளுங்க! சுற்றுலாப் பயணிக்கு வழி விடுங்க!"

அக்கார்டியன் வந்தது. பாடகர் குழு கோட்டின்மேலேயே வட்டமாக ஆடியதில் கருவி சூடேறிப் புகைந்தது. தீயணைப்புப் படை கையோடு இருந்ததால் பிழைத்தது. பீப்பாயின் ஓசை நாளுக்கு நாள் மாறியது. மிலோய்கா தினமும் அதைத் தட்டிப் பார்த்தாள். தொப்பென்றது டொக்கென்றாகி, டொக்கென்றது டொங்கென்றாகி, அறுவடைக்கு முந்தைய நாள் கோயில் மணி போல ஒலித்தது. காலி! அவள் லோய்சேயின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாடுகளிலும் குதித்தாள். புதுச் சாறு நுரைத்துக்கொண்டு பீப்பாயில் இறங்கியது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் லோய்சே செய்தித்தாள் படிப்பவன்.

"அண்ணி, நாகரிகமான ஊர்கள்ல எல்லாம் இப்போ சுற்றுலாக்காரங்களுக்கு எதிராப் பலகை பிடிச்சு நிக்கிறாங்க. கடற்கரை நகரத்துல தண்ணித் துப்பாக்கியால அடிக்கிறாங்களாம். நம்ம ஊருக்கு வந்த கூட்டத்தோட எண்ணிக்கையைப் பார்த்தியா? பேப்பர்ல முதல் பக்கம்! நாம மட்டும் கோபப்படாம இருந்தா என்ன நினைப்பாங்க?"

"யாருடா வந்தா? நாமதானே..."

"யாரோ! எண்ணிக்கை எண்ணிக்கைதானே? ராவெல்லாம் பாட்டு, கூத்து. என்னாலேயே தூங்க முடியல."

"அதுல பாடுனதே நீதானே தம்பி?"

"அதான் சொல்றேன். தொல்லை எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதா?"

வெளிநாட்டுப் பயணிகளின் தொந்தரவிலிருந்து ஓஸ்தெர்னாவைக் காப்பாற்றுமாறு ஒரு மனு எழுதப்பட்டது. பல் வைத்தியர் சத்தத்தைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தார். பாடகர் குழு ஆபாசமான பாட்டுகளைக் கண்டித்தது. ஊரில் கையெழுத்துப் போடாதவர் இல்லை. மிலோய்காவும் போட்டாள். ஊரோடு ஒத்து வாழ வேண்டுமே. அதோடு அவளுக்கும் ஒருமுறை நாகரிகமாக இருந்து பார்க்க ஆசை.

குழு மனுவை வாழ்க்கையிலேயே முதல் முறையாக உடனே ஏற்றது. மக்களின் துயரைக் களையும் பொருட்டு எழிற்பாதை வேறு பள்ளத்தாக்குக்கு மாற்றப்பட்டது. அதற்காகப் புதிதாகப் போட்டிருந்த தார் சுரண்டப்பட்டது, பிளாஸ்டிக் கொத்துகள் மட்டும் பாரம்பரியம் கருதி விட்டுவைக்கப்பட்டன. முற்றத்தில் எல்லை தாண்டுவோருக்குத் தலைக்கு நாளொன்றுக்கு இரண்டே தடவை என்று உச்சவரம்பு விதிக்கப்பட்டது. போக ஒன்று, வர ஒன்று. மூன்றாவது தடவைக்குக் கருவி குயிலாகக் கூவாது. ஓநாயாக ஊளையிடும், வீட்டுக்கு அபராதச் சீட்டு வரும்.

நவம்பரில் புது மது தெளிந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. சமையலறை வாசலில் மிலோய்கா காலி ஜாடியோடு உட்கார்ந்திருந்தாள். லோய்சே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எவ்வளவு அமைதி பார்த்தியா அண்ணி! வெளிநாட்டுக்காரன் தொல்லை ஒருவழியா ஒழிஞ்சுது."

"ஒழிஞ்சுது. நான் காலையிலேயே கோழியத் தேடி ஒரு நடை போயிட்டு வந்துட்டேன். நீ போய் இதுல புடிச்சிட்டு வா."

லோய்சே தொண்டையைக் கனைத்தான். "நானும் போயிட்டு வந்துட்டேன். நீ தூங்கிக்கிட்டிருந்த. ஒரு குவளைதான்."

கோட்டுக்கு அந்தப் பக்கம், திறந்திருந்த நிலவறைக் கதவுக்குள், பெரிய பீப்பாய் கழுத்துவரை நிறைந்து நின்றது. இருவரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே பலகை இருந்தது: 'காட்சி முனை'.