தெரியும், தெரியும்

மனிதர்களில் அரைவாக்கியப் பிரகிருதி என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் வாயைத் திறந்ததுமே அவருக்குப் புரிந்துவிடும். நீங்கள் முடிப்பதற்குள் பதிலும் வந்துவிடும். அறுபதை நெருங்கும் வயது, காதோர நரை, தோளில் நான்கு பட்டை, இருபத்தெட்டு வருஷம் விமானம் ஓட்டிய பெருமை, இத்தனையும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அவரும் கேட்கமாட்டார்.

வேறு யாரைச் சொல்கிறேன்? என்னைத்தான்.

கண்ட்ரோல் டவர்காரர் திசை, வேகம், உயரம், அடுத்த அலைவரிசை என்று நாலு எண்களை ஒரே மூச்சில் கொட்டுவார். பக்கத்து இருக்கையிலிருக்கும் துணை விமானி, என் மகள் வயதுப் பெண், மடியிலுள்ள தாளில் பென்சிலால் கிறுக்கிக்கொள்வாள்.

"என்னம்மா, மளிகை லிஸ்டா?" என்று சிரிப்பேன்.

இரண்டு எண்ணுக்குமேல் இப்போதெல்லாம் எனக்கு மனத்தில் நிற்பதில்லை, அது ரகசியம். மிச்சத்தை அனுபவம் நிரப்பிவிடும். தினமும் அதே ஊர், அதே பாதை, அதே எண்கள். யாருக்குத் தெரியப்போகிறது?

அன்று காலை ஒரே மேகம். "ஏழாயிரம் அடிக்கு இறங்குங்க" என்றது டவர். "ஏழாயிரம்" என்று வாய் கிளிப்பிள்ளையாகத் திருப்பிச் சொன்னது. கை, வழக்கம்போல, உயரக் குமிழை ஐயாயிரத்துக்குத் திருகியது.

"சார், ஏழாயிரம்."

"ஐயாயிரம்மா. எத்தனை வருஷமா இங்க இறங்குறேன்!"

"எழுதியிருக்கேன் சார்."

"தப்பா எழுதியிருப்ப."

அவள் வாதாடவில்லை. டவரையே கேட்டாள்.

"ஏழாயிரம்தான். ஆறாயிரத்துல உங்களுக்குக் குறுக்கே இன்னொரு விமானம் போகுது."

அவளே எண்ணை மாற்றினாள். ஏழாயிரத்தில் நின்றோம். மேக இடுக்கில், எங்களுக்கு நேர் கீழே, ஒரு வெள்ளை முதுகு நழுவிப் போயிற்று. எத்தனை பேர் அதற்குள் காபி குடித்துக்கொண்டிருந்தார்களோ!

நன்றி சொல்லியிருக்க வேண்டும். என்ன சொன்னேன் தெரியுமா? "நீ கவனிக்கிறியான்னு பாத்தேன்."

"பாத்துட்டீங்களா சார்?" என்றாள், முகத்தைத் திருப்பாமல்.

இறங்கியதும், வெட்கத்தை விட்டு, நடந்ததை நானே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தேன். காது டாக்டரிடம் அனுப்பினார்கள். மனைவியும் கூட வந்தாள்.

"காதுல ஒரு குறையும் இல்ல" என்றார் டாக்டர்.

"அப்போ இத்தனை வருஷமா வேணும்னேதானா?" என்றாள் மனைவி.

மறுபடி பறக்கப் போன அன்று, துணை விமானியிடமே ஒரு பென்சில் கேட்டேன். கேலி செய்யாமல் கொடுத்தாள். அதுதான் வலித்தது.

நாம் விமானம் ஓட்டுவதில்லை, தப்பித்தோம் என்கிறீர்களா? நேற்று உங்கள் வீட்டில் யாரோ ஏதோ சொல்லத் தொடங்க, "தெரியும், தெரியும்" என்று தலையாட்டினீர்களே, அவர்கள் என்ன சொன்னார்கள்?