பதினேழாம் எண்ணின் சரிவு

கணக்கு மறுபடியும் இடித்தது. மதிப்பீட்டாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். ஓவிய வகுப்பில் சேரும்போது "எனக்கு நன்றாக வரையத் தெரியும்" என்ற வரிக்குப் பத்துக்கு ஒன்பது போட்டிருந்த இளைஞர்கள், ஒரு வருடம் படித்து முடித்ததும் நான்கு போட்டிருந்தார்கள்.

"என்ன டீச்சர் இது? இருந்ததையும் மறக்க வச்சிட்டீங்களா?"

ஓவிய டீச்சர் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். "வந்தப்போ தெரியும்னு நெனச்சாங்க சார். இப்பத்தான் தெரியலைன்னு தெரிஞ்சிருக்கு. அதுக்கே ஒரு வருஷம் ஆச்சு."

"இதை நான் எந்தக் கட்டத்துல எழுதுறது?"

"கட்டம் உங்களுது சார்."

வகுப்புக்குப் பணம் தரும் அறக்கட்டளையில் மதிப்பீட்டாளருக்கு வேலை. போட்ட பணத்துக்கு மேல் பயன் என்று கணக்கு சொன்னால் வகுப்பு தொடரும். ஒரு துளி குறைந்தாலும் மாதக் கடைசியில் மூடப்படும். அவருடைய அறிக்கைகள் இதுவரை ஒரு நாடக வகுப்பையும் இரண்டு இசை வகுப்புகளையும் மூடியிருந்தன. அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'பூட்டு' என்றாகிவிட்டது. "பூட்டு சாப்பிட வரலையா?" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே போவார். ஓய்வு பெற இன்னும் ஐந்து வாரம். இந்த ஒரு வகுப்பையாவது திறந்தபடி விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று யாரிடமும் சொல்லாத ஆசை ஒன்று அவருக்கு இருந்தது.

மாணவர்களை நேரில் பார்க்கக் கூடாது, பார்த்தால் மதிப்பீடு சாய்ந்துவிடும் என்பது விதி. அதனால் வகுப்பு இல்லாத நாளில்தான் வருவார். இருபத்திரண்டு பேரும் அவருக்கு எண்கள்தான்.

ஒரு கேள்வியை நீக்கவும் விதியில் இடம் இருந்தது. வரையத் தெரியுமா என்பதை நீக்கினார். தூக்கம், நண்பர்கள், நாளையைப் பற்றிய நம்பிக்கை எல்லாம் ஏறியிருந்தன. இருந்தும் மொத்தம் எல்லைக்கு மயிரிழை கீழே நின்றது. எல்லோரும் சேர்ந்து இறங்கியபோது கண்ணில் படாத ஓர் எண் இப்போது தனியாகத் தெரிந்தது.

பதினேழு. சேரும்போது எல்லாவற்றுக்கும் பத்து. இப்போது எல்லாவற்றுக்கும் பூஜ்யம். 'வாரத்தில் எத்தனை நாள் வெளியே போகிறீர்கள்?' என்ற கேள்விக்கு மட்டும் முன்பு ஏழு, இப்போது மூன்று. வகுப்பும் செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள்தான்.

"டீச்சர், இந்தப் பதினேழை என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

தூரிகை கழுவிய கை நின்றது. "ஒழுங்கா வர்ற ஆள் சார். அதை விட்டுடுங்களேன்."

"விடத்தான் வழி தேடுறேன்."

பாதி நாள் வராதவர்களை நீக்கலாம். ஆசையோடு வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். முதல் வாரம் வந்த பதினேழு அடுத்த இரண்டு வாரம் வரவில்லை. அதன் பிறகு ஒரு நாள்கூடத் தவறவில்லை. அடைமழையில் மற்ற இருபத்தொரு பேரும் வராத அன்றும் பதினேழு வந்திருந்தது.

சிறப்பு அனுமதி கேட்டு மேலதிகாரிக்குப் போன் போட்டார்.

"என்னய்யா பூட்டு, மழையிலயும் வந்த பையனையா நீக்கச் சொல்ற? அவனைத்தான் அறிக்கையோட முதல் பக்கத்துல போடணும். போட்டோ எடுத்து ஒரு பேட்டியும் வாங்கிட்டு வா. நேர்ல பாக்கக் கூடாதுங்கற விதியை நான் பாத்துக்கறேன்."

"சார், அவன் எல்லாத்துக்கும் பூஜ்யம் போட்டிருக்கான்."

"அதனால என்ன? கேமராவைப் பாத்துச் சிரிக்கச் சொல்லு."

இப்போது கணக்கைக் கவிழ்த்தவனே அட்டைப்படம். டீச்சர் முகவரியை எழுதி முடிக்க வெகு நேரம் எடுத்துக்கொண்டார்.

"நானும் கூட வரட்டுமா சார்?"

"வேணாம். நீங்க இருந்தா பதில் சாஞ்சிடும்னு விதி."

மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. மூச்சிரைக்கக் கதவைத் தட்டினார். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் திறந்தார். அவருடைய நகக்கண்களில் நீலச் சாயம் படிந்திருந்தது.

"உங்க பையன்கிட்ட அஞ்சு நிமிஷம் பேசணும்மா. திட்ட வரலை."

அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மதிப்பீட்டாளர் பதினேழு நிரப்பிய இரண்டு தாள்களையும் மேசையில் விரித்தார்.

"ஏதாவது ஒரு கேள்விக்கு ஒண்ணு போட்டாக்கூடப் போதும்மா. வகுப்பு பிழைச்சுக்கும்."

"இல்லேன்னா?"

"மூடிடுவாங்க."

"மூடிடுவாங்களா?" அந்தப் பெண் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அப்ப செவ்வாய்க்கிழமை நான்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

"ஒரு வருஷத்துல ஒரு பையன் பத்துல இருந்து பூஜ்யத்துக்கு எப்படிம்மா விழுவான்? பாருங்க, கையெழுத்துகூட மாறிப்போச்சு."

அந்தப் பெண் முதல் தாளை மட்டும் தன் பக்கம் இழுத்து, அதிலிருந்த பத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார்.

"இது அவன் எழுதினது சார், சேர்ந்த ரெண்டாவது வாரமே போய்ச் சேர்ந்துட்டான், அந்தப் பூஜ்யமெல்லாம் அவன் நாற்காலியில உக்காந்து நான் போட்டது."